பேட்டரி பாவம் பாஸ்!

ஐப்பசி மாசம். ராத்திரி ஒன்பதரை மணி. தஞ்சாவூர்லேர்ந்து வடுவூர் வழியா மன்னார்குடிக்கு பைக்ல போயிட்டிருக்கீங்க. விட்டு விட்டுத் தூறல். ஹெல்மெட் கண்ணாடி முழுக்கத் தண்ணி. திடீர்னு உங்க லைட் வெளிச்சத்துல ஒரு கறுப்புச் சுவர்! கிட்டப் போனாத்தான் தெரியுது, நெல்லு மூட்டை ஏத்தின டிராக்டர் டிரைலர். பின்னாடி சிவப்பு லைட் இல்ல, ரிஃப்ளெக்டர் இல்ல. பிரேக்கை அமுக்கி, சறுக்கி, எப்படியோ தப்பிச்சிட்டீங்க. ''யோவ், லைட் போட மாட்டியா?''ன்னு கத்துறீங்க. மேலேர்ந்து நிதானமா பதில் வருது: ''லைட்டைப் போட்டா காலையில வண்டி ஸ்டார்ட் ஆவாது தம்பி!''

அந்த ஒத்தை வரி பதில்தான் இந்த வார மேட்டர்!

அவர் கஞ்சரும் இல்ல, வில்லனும் இல்ல. வண்டியில கரன்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் வீக். அது தெரியாம ரெண்டு வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்தியிருப்பார். அப்பவும் சரியாகலைன்னதும், லைட்டை அணைச்சு பேட்டரியை மிச்சம் பிடிக்கிறதுன்னு அவரே ஒரு 'வைத்தியம்' கண்டுபிடிச்சிட்டார். அந்த வைத்தியத்துக்கு உயிரைப் பணயம் வைக்கிறது, பின்னாடி பைக்ல வர்ற நீங்க.

இதே கதை உங்க வீட்டுலயும் ஓடிக்கிட்டிருக்கலாம். தாத்தா காலத்து அம்பாசடர் (2014-ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க, ஆனா நம்ம ஊர்க் கல்யாணத்துல இன்னும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அதைத் தேடுறவங்க உண்டு), பெரியப்பாவோட மஹிந்திரா ஜீப், பதினஞ்சு வருஷ டிராக்டர்... காலையில சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம், அதோட சரி. ''டேய் தம்பி, ரெண்டு பசங்களைக் கூப்பிடுடா, தள்ளி விட்டுருவோம்''னு அப்பா சொல்ல, நீங்க முக்கி முனகித் தள்ளியிருப்பீங்க. சாயந்திரம் புது பேட்டரி வரும். மூணு மாசத்துல மறுபடியும் தள்ளு தள்ளு!

இனிமே தள்ளாதீங்க. கையில ஒரு மல்டிமீட்டர், பதினஞ்சு நிமிஷம் டைம். போதும். பிசிக்ஸ் லேப்ல எக்ஸ்டர்னல் வர்றப்போ மட்டும் தொடுவீங்களே, அதே மல்டிமீட்டர்தான்!

கல்லணை தெரிஞ்சா கரன்ட் தெரியும்

சர்க்யூட் டயகிராம் எல்லாம் வேணாம். டெல்டாக்காரங்களுக்குக் காவிரியை வெச்சே சொல்லிடலாம்.

பேட்டரிதான் மேட்டூர் அணை. தண்ணியைச் சேத்து வைக்கும், அவ்வளவுதான். தானா ஒரு சொட்டு கூட உற்பத்தி பண்ணாது. ஆல்டர்னேட்டர்தான் நீர்வரத்து. எவ்வளவு விடணும்னு ஷட்டரைத் தூக்கி இறக்குற ஆள், ரெகுலேட்டர். ஹெட்லைட், வைப்பர், ஹாரன், பாட்டுப்பொட்டி எல்லாம் பாசன வாய்க்கால்கள். ஜூன் 12-ம் தேதி அணையைத் திறந்துட்டு, மேல நீர்வரத்தே இல்லைன்னா என்ன ஆகும்? நாளுக்கு நாள் நீர்மட்டம் இறங்கும். அதுக்காக 'அணை சரியில்லை, புது அணை கட்டு'ன்னு யாராவது சொல்வாங்களா? ஆனா வண்டியில நாம செய்யறது அதேதான். பேட்டரி இறங்கிருச்சா, பேட்டரியை மாத்து!

நீர்வரத்து எப்படி வருதுன்னும் பாத்துடுவோம். காந்தத்தைக் கம்பிச்சுருள் பக்கத்துல அசைச்சா கம்பியில கரன்ட் ஓடும்னு 1831-ல மைக்கேல் ஃபாரடே கண்டுபிடிச்சது உங்களுக்கு மனப்பாடம். ஆல்டர்னேட்டர்ல ஃபேன் பெல்ட் சுத்துற வேகத்துல உள்ளே ரோட்டார்ங்கிற மின்காந்தம் சுத்தும். சுத்தி இருக்கிற கம்பிச்சுருள்ல ஏ.சி. கரன்ட் பிறக்கும். பேட்டரிக்கு வேண்டியது டி.சி. ஆச்சே? அதை மாத்திக் குடுக்க உள்ளேயே டயோடுகள். ரோட்டாரைக் காந்தமா மாத்துற சின்ன கரன்ட்டை, சுத்துற வளையத்து மேல உரசியபடியே கொண்டு போறது ரெண்டு குட்டி கார்பன் துண்டுங்க. மெக்கானிக் அண்ணன்மார் 'கார்பன் போயிருச்சு தம்பி'ம்பாங்களே, அது இதுதான்.

ரொம்பப் பழைய வண்டிகள்ல இதுக்குப் பதிலா டைனமோ இருக்கும். (ஆல்டர்னேட்டரையே டைனமோன்னு சொல்ற பழக்கம் இன்னிக்கும் பட்டறைகள்ல இருக்கு. சண்டை போடாதீங்க!) டைனமோவுக்கு ஒரு வியாதி. வண்டி வேகமாப் போனாத்தான் சார்ஜ் ஏறும், ஐட்லிங்ல கிட்டத்தட்ட ஒண்ணுமே தராது. அதனாலதான் 1960-ல அமெரிக்காவுல க்ரைஸ்லர் கம்பெனி தன்னோட வேலியன்ட் கார்ல ஆல்டர்னேட்டரையே வெச்சு விட்டுச்சு. அப்புறம் உலகமே அந்தப் பக்கம் சாஞ்சது. நம்ம சென்னை பாடியில லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி ஆரம்பிச்சது 1961-ல. நீங்க தள்ளின வண்டியோட ஆல்டர்னேட்டர் அங்கேர்ந்து வந்ததாக்கூட இருக்கலாம்.

120 அடியா, 12.6-ஆ?

மேட்டூர் நிரம்பினா 120 அடி. பேட்டரி நிரம்பினா 12.6 வோல்ட். மனசுல ஒட்டிக்கிச்சா? வண்டி ராத்திரி முழுக்க சும்மா நின்னதுக்கப்புறம், காலையில சாவி போடாம பேட்டரியோட ரெண்டு முனையிலயும் மீட்டரை வைங்க. 12.6 காட்டினா ஃபுல். 12.2 சுமார் பாதி. 12-க்குக் கீழன்னா அணையில சேறுதான் மிச்சம். முதல்ல சார்ஜர்ல போட்டு ஏத்திட்டு வாங்க, அப்புறம் டெஸ்ட்டைத் தொடரலாம். ஃபுல்லா ஏத்தியும், எல்லா வயரையும் கழட்டி வெச்ச நிலையிலயே ஒரே ராத்திரியில இறங்கிருச்சுன்னா, குற்றவாளி நிஜமாவே பேட்டரிதான். ஆல்டர்னேட்டரை விட்டுடலாம்.

அடுத்து ஸ்டார்ட் பண்ணி, ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சுப் பிடிக்கச் சொல்லுங்க. இப்ப மீட்டர் 13.8-லேர்ந்து 14.5-க்குள்ள நிக்கணும். நின்னா நீர்வரத்து இருக்கு. 12.4, 12.3-ன்னு இறங்கிட்டே போனா சுத்தமா இல்ல. 15-ஐத் தாண்டி எகிறினா அது வேற ஆபத்து. ஷட்டர் ஆள் தூங்கிட்டார், ரெகுலேட்டர் காலி, பேட்டரி தண்ணி கொதிச்சு வத்திரும். மாசாமாசம் டிஸ்டில்டு வாட்டர் ஊத்தியே ஓய்ஞ்சு போற வீடுகள் இதைத்தான் முதல்ல பாக்கணும்.

(இந்தக் கணக்கு பழைய வண்டிகளுக்கு. இப்ப வர்ற கார்கள் பலதுல கம்ப்யூட்டரே வோல்டேஜை ஏத்தி இறக்கிக்கும். அதுல மீட்டரை வெச்சுட்டு பயந்துடாதீங்க.)

நிறையப் பேர் இதோட 'பாஸ்'னு சொல்லி மீட்டரை மடிச்சு வெச்சிடுவாங்க. ஆனா 'வீக்'னு சொல்ற கேஸ் மாட்டுறதே இதுக்கு அடுத்துதான். ஹெட்லைட்டைப் போடுங்க. வைப்பர், பாட்டு, ஃபேன் எல்லாத்தையும் போடுங்க. இப்ப கணக்கு பாருங்க... 55 வாட் பல்பு ரெண்டு 110 வாட். 12-ஆல வகுத்தா ஒன்பது ஆம்பியர். பின் லைட், மீட்டர் லைட்டுக்கு ரெண்டு. வைப்பருக்கு நாலு, அஞ்சு. மத்ததெல்லாம் சேந்தா அசால்ட்டா இருபதைத் தாண்டும். அந்தக் கால டைனமோவோட மொத்த உற்பத்தியே இருபது சொச்சம்தான்! பல டிராக்டர்கள்ல வர்றது 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். அதுல நாம நாலு ஃபோகஸ் லைட், ஒரு ஆம்ப்ளிஃபயர், ரெண்டு ஸ்பீக்கர்னு மாட்டி, சேத்து உழவுக்கும் பாட்டு கேக்குறோம். பாவம்ல?

எல்லா லோடும் ஓடுறப்போ ரேஸ் பண்ணிப் பிடிச்சா 13.5-க்குக் குறையாம நிக்கிறது நல்ல ஆல்டர்னேட்டர். 13-க்குக் கீழ சரிஞ்சா... வீக். லோடு இல்லாதப்போ 14, லோடு போட்டா 12.6. வெள்ளம் வர்றப்போ ஆறு மாதிரி தெரிஞ்சு, நாத்து நட்டதும் காஞ்சு போற வாய்க்கால் மாதிரி!

கடைமடைப் பிரச்னை

ஆல்டர்னேட்டரைக் கழட்ட ஸ்பானரைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். மேட்டூர்ல தண்ணி இருக்கும், கல்லணையிலயும் திறந்திருப்பாங்க, ஆனா வேதாரண்யம் பக்கம் கடைமடைக்கு வந்து சேராது. ஏன்? நடுவுல வாய்க்கால் தூர் வாரலை! பழைய வண்டியில பெரும்பாலான நேரம் நடக்கிறது இதேதான். நம்ம ஊர் ஈரம், சேறு, உரமூட்டை ஏத்தின டிரைலர், நாகப்பட்டினம் பக்கம்னா உப்புக்காத்து... டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூ பூத்திருக்கும். எர்த் வயர் போல்ட் துரு பிடிச்சு பேருக்கு ஒட்டிட்டிருக்கும்.

இதை மீட்டர்லயே பிடிக்கலாம். என்ஜின் ஓட, லைட் எரிய, மீட்டரோட ஒரு முனையை ஆல்டர்னேட்டர் முதுகுல இருக்கிற தடி பாசிட்டிவ் போல்ட்ல வைங்க. இன்னொண்ணை பேட்டரி பாசிட்டிவ்ல. ரெண்டும் ஒரே வயர்தான், அதனால கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். 0.2, 0.3 வரைக்கும் மன்னிச்சிடலாம். 0.8-னு வந்தா அந்த வழியில தூர் அடைச்சிருக்கு. அதே மாதிரி ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல. இதுல மாட்டினா உங்க செலவு ஒரு உப்புத்தாள், வெந்நீர், கொஞ்சம் வாஸ்லின். ஓம் விதியை வாழ்க்கையில முதல்முறையா யூஸ் பண்ணின பெருமை ஃப்ரீ!

அடுத்தது பெல்ட். மழையில நனைஞ்சதும் 'கிறீச்...'னு கத்துதா? ஆல்டர்னேட்டர் சுத்தலை, பெல்ட் வழுக்குது. என்ஜினை அணைச்சுட்டு நடுவுல கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க. சுமார் ஒரு சென்டிமீட்டர் அமுங்கினா சரி. கண்ணாடி மாதிரி பளபளப்பா இருந்தா மாத்திடுங்க. ஒரேயடியா இழுத்துக் கட்டினாலும் பேரிங் போயிரும்.

இந்த ரெண்டையும் தாண்டின பிறகுதான் சந்தேகம் ஆல்டர்னேட்டர் வயித்துக்குள்ள போகணும். அங்கேயும் குறி கேக்கலாம். வண்டியில பாட்டு போடுறப்போ என்ஜின் வேகத்தோட சேந்து 'ங்ங்ஙொய்...'னு ஒரு சத்தம் கூடவே ஏறி இறங்குதா? டயோடு மேல சந்தேகப்படுங்க. மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாத்தி, ஓடுற என்ஜின்ல பேட்டரி மேல வைங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா சந்தேகம் உறுதி. (மலிவு மீட்டர் சிலது ஏ.சி.யில வெச்சா 25, 28-னு உளறும். வயரை மாத்திப் பிடிச்சா பூஜ்யம் காட்டும். அது மீட்டரோட குணம், வண்டியோட குத்தம் இல்ல.) டயோடு முழுசா ஷார்ட் ஆகியிருந்தா, ராத்திரி நிறுத்தின வண்டியில என்ஜின் சில்லுனு இருக்கும், ஆல்டர்னேட்டர் மட்டும் காலையில வெதுவெதுப்பா இருக்கும். ராத்திரி முழுக்க பேட்டரியை உறிஞ்சின சூடு அது!

கார்பனுக்கு மீட்டரே வேணாம். என்ஜின் ஓடாம சாவியை மட்டும் ஆன் பண்ணிட்டு, ஆல்டர்னேட்டர் பின்பக்க பேரிங் கிட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டு போங்க. காந்தம் மாதிரி இழுத்தா ரோட்டாருக்கு கரன்ட் போகுது. இழுக்கலைன்னா கார்பன் தேஞ்சிருக்கலாம். இல்ல... டேஷ்போர்டுல சிவப்பா எரியுமே பேட்டரி லைட், அந்த பல்பு ஃபியூஸ் ஆகியிருக்கலாம்! ஜோக் இல்ல பாஸ். பல பழைய ஆல்டர்னேட்டர்கள்ல ரோட்டாரை எழுப்பிவிடுற முதல் கரன்ட் போறதே அந்த பல்பு வழியாத்தான். சாவி போட்டதும் அந்த லைட் எரியலைன்னா 'அப்பாடா, பிரச்னை இல்ல'ன்னு சந்தோஷப்படாதீங்க. எரியணும். ஸ்டார்ட் ஆனதும் அணையணும்.

டீசல் வண்டியோட துரோகம்

பெட்ரோல் வண்டி நேர்மையானது. சார்ஜ் நின்னா, பேட்டரி இறங்க இறங்க ஸ்பார்க் குறைஞ்சு, திக்கித் திணறி, நடுரோட்டுல நின்னு மானத்தை வாங்கும். பழைய டீசல் அப்படி இல்ல. ஒருமுறை ஓட ஆரம்பிச்சிட்டா பம்ப், நாசில் எல்லாம் இரும்பு வேலை, கரன்ட்டே கேக்காது. அதனால டிராக்டர் நாள் முழுக்க ஜோரா உழும். ஆல்டர்னேட்டர் செத்து ரெண்டு மாசம் ஆனதே தெரியாது. தெரியறது ரெண்டே இடத்துல. காலையில செல்ஃப் எடுக்காதப்போ... ராத்திரி லைட் மங்கும்போது.

அந்த ராத்திரியும் எப்போ வரும்? குறுவை அறுவடை சரியா வடகிழக்குப் பருவமழை வாசல்ல வந்து நிக்கும். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பதற்றம். மழைக்கு முன்னாடி மூட்டையைக் கொண்டு போய் இறக்கியாகணும். இருட்டு, மழை, லோடு, அவசரம் நாலும் ஒண்ணா சேர்ற அந்த நாள்ல அணையில தண்ணி இல்ல. லைட் அணையுது. ரோட்டுல கறுப்புச் சுவர்!

அறுவடை சீசன்ல இன்னொரு எதிரி, வைக்கோல் தூசி. ஆல்டர்னேட்டர் காத்து வாங்குற ஓட்டையை அடைச்சிரும். உள்ளே சூடேறி டயோடு காலி. காத்தடிச்சு சுத்தம் பண்ணணும். வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் தண்ணியை நேரா அது மேல பீய்ச்ச விடாதீங்க. சேறு போகும், கூடவே பேரிங்கும் போகும்.

இதைச் செய்யாதீங்க ப்ளீஸ்

ஓடுற வண்டியில பேட்டரி வயரைக் கழட்டி, 'என்ஜின் நிக்கலையா? அப்ப டைனமோ ஓகே!'ன்னு சொல்ற ஒரு டெஸ்ட் உண்டு. டைனமோ காலத்துல அதுக்கு மதிப்பு இருந்திருக்கலாம். ஆல்டர்னேட்டர்ல அதைச் செஞ்சா, தாங்கிப் பிடிக்க அணை இல்லாம வோல்டேஜ் ஒரு நொடியில தாறுமாறா எகிறி ரெகுலேட்டரையும் டயோடையும் கருக்கிடும். டீசல் வண்டியில அந்த டெஸ்ட்டுக்கு அர்த்தமே இல்ல, அதுதான் கரன்ட் இல்லாமலே ஓடுமே! கேஜ் வீல், கொக்கின்னு டிராக்டர்ல எதையாவது வெல்டிங் வைக்கப் போறீங்களா? முதல்ல பேட்டரி, ஆல்டர்னேட்டர் ரெண்டு வயரையும் கழட்டிருங்க.

ஓடுற என்ஜின் பக்கத்துல வேட்டி, துப்பட்டா, கழுத்துல தொங்குற ஐ.டி. கார்டு, எதுவும் வேணாம். பெல்ட்டுக்கு ஆள் தராதரம் தெரியாது. பேட்டரி மேல தீக்குச்சி வெளிச்சம் காட்டிப் பாக்குற வீரத்தையும் விட்டுடுங்க. சார்ஜ் ஆகுறப்போ வர்றது ஹைட்ரஜன்.

சரி, ராத்திரி நடுவழியில பேட்டரி லைட் எரிஞ்சிருச்சு. என்ன பண்றது? என்ஜினை அணைக்காதீங்க, அணைச்சா திரும்ப எடுக்காது. பாட்டு, ஃபேன், எக்ஸ்ட்ரா லைட்டை அணைங்க. ஹெட்லைட்டையும் பின் லைட்டையும் அணைக்கவே கூடாது. நல்ல பேட்டரின்னா ஒரு மணி நேரம் வாக்குல தாக்குப்பிடிக்கும், அதுக்குள்ள வெளிச்சமான பெட்ரோல் பங்க், கடைத்தெரு எதுன்னு பாத்து ஒதுங்கிடுங்க. வெண்ணாத்தங்கரை, வாய்க்கால் கரைன்னு தடுப்புச் சுவரே இல்லாத ரோட்டுல, லைட் இல்லாம 'பழகின வழிதானே'ன்னு போறது வேலைக்கு ஆகாது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் கடைக்குப் போறப்போ 'வண்டி ஸ்டார்ட் ஆகலைண்ணே'ன்னு மட்டும் சொல்லாதீங்க. ''லோடு இல்லாம 14, லைட் போட்டா 12.7, வயர்ல டிராப் இல்லண்ணே''ன்னு சொல்லிப் பாருங்க. அண்ணன் உங்களை ஒரு மாதிரி பாப்பார். அப்புறம் நேரா கார்பனையும் டயோடு பிளேட்டையும்தான் கழட்டுவார். ஆல்டர்னேட்டரையே மாத்தணும்னு சொன்னா, எந்தப் பார்ட் போச்சுன்னு கேளுங்க. கார்பன், பேரிங், ரெகுலேட்டர் மூணுமே பெரும்பாலும் தனித்தனியா கிடைக்கும். முழு ஆல்டர்னேட்டர் விலையில இதெல்லாம் கொசுறு. கழட்டின பழைய கார்பனை வாங்கிப் பாருங்க, புதுசுக்குப் பக்கத்துல வெச்சா பல்பக் குச்சியும் சாக்பீஸும் மாதிரி இருக்கும். திரும்ப மாட்டினதும் அங்கேயே ஸ்டார்ட் பண்ணி, ஹெட்லைட், வைப்பர் எல்லாத்தையும் போட்டு, மீட்டர்ல 13.5-ஐப் பாத்த பிறகு காசைக் குடுங்க. அப்படியே, டிரைலர் பின்னாடி ரெண்டு சிவப்பு பல்பும் எரியுதான்னு இறங்கிப் போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்க!